மாலை போட்ட வீட்டில் கோழிச்சாறு

என் கோழிச்சாற்றைப் பற்றி நானே பெருமை பேசினால் தலைக்கனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்குச் சளி பிடித்தாலும், மருந்துக்கடைக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று பக்குவம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் கணக்குப் பார்க்கிற நூல் மில்லில் பஞ்சு பறக்கும், அதனால் இருமலுக்குப் பஞ்சமே கிடையாது. மேலாளருக்கே ஒருமுறை தொண்டை கட்டிப் பேச்சு வராமல் போனபோது, சைகையில் என்னைக் கூப்பிட்டு, சைகையிலேயே கோழி மாதிரி இரண்டு கையையும் அடித்துக் காட்டினார். மறுநாள் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயங்காலம் அவர் எல்லோரையும் திட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அலுவலகத்தில் பாதிப் பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாறு வேறு, சூப் வேறு. ஓட்டலில் சோளமாவைக் கரைத்து ஊற்றி, கண்ணாடிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைக்கிறார்களே, அது சூப். அதைக் குடித்து யாருக்கும் காய்ச்சல் விட்டதாக நான் கேள்விப்படவில்லை. சாறு என்றால் முதலில் வெடைக்கோழி வேண்டும். முட்டையிடத் தொடங்காத இளசு. மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டி, எலும்போடு பொடிசாக வெட்டிக்கொள்ள வேண்டும். மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, தட்டின சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, கறியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அடுப்பைச் சிறிசாக வைத்துவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். மிளகு, சீரகம், மல்லி மூன்றையும் வெறும் சட்டியில் வறுத்து அரைத்துச் சேர்ப்பது கடைசியில். நான் மிக்ஸியில்தான் அரைக்கிறேன். அம்மியில் அரைத்தால்தான் ருசி என்பவர்கள் தாராளமாக வந்து அரைத்துக் கொடுக்கலாம், எங்கள் வீட்டில் அம்மி சும்மாதான் கிடக்கிறது.

முதல் மடக்கில் தொண்டை விழித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது மடக்கில் மூக்கு ஒழுக வேண்டும். தம்ளர் காலியாகும்போது நெற்றியில் வேர்வை பூக்க வேண்டும். வேர்வை பூத்துவிட்டால் காய்ச்சல் கிளம்பத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு இதைத்தான் கொடுக்கிறார்கள், கை கால் முறிந்தவனுக்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள், போலீஸ் செலக்‌ஷனுக்கு விடியற்காலையில் ஓடிக் காலை வீங்க வைத்துக்கொண்டு வருகிற பையன்களுக்கும் இதைத்தான். டாக்டர் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் போய்விட்டு வந்து இதைக் குடியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்தச் சாற்றின் முதல் பக்தர் என் கணவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எல்லையில் பனிக்குள் நின்ற காலத்தில் காய்ச்சல் வந்தால், அங்கே கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, என் சாற்றை நினைத்துக்கொண்டு படுத்திருப்பாராம். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அவருடைய பட்டாளத்து நண்பர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் நேராக என்ன சொல்வார் என்றால், நான் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்த்துத்தான் வம்புக்கு இழுப்பார். உங்க ஊர்க்காரங்க கோழிச்சாத்துக்குள்ளயும் பால்கோவாவப் போடாம இருந்தாச் சரி என்பார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பெண் எடுத்ததற்கே இந்தப் பேச்சு.

சாப்பாட்டைப் புகழ்வது அவருக்கு வராது. கல்யாணமான புதிதில் லீவில் வந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. நான் பயந்து பயந்து வைத்துக் கொடுத்த சாற்றை வாய் பேசாமல் குடித்தார். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். தம்ளரை நீட்டி, "இன்னொரு தம்ளர் ஊத்து" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் புகழ்ச்சி என்றால் அந்த ஒரு வாக்கியம்தான், அதுவும் அந்தச் சாற்றுக்கு மட்டும்தான்.

கார்த்திகை பிறந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். ஒன்றாம் தேதி விடிந்ததும் குளித்துக் கோயிலுக்குப் போய் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வார். வீட்டைக் கழுவிவிட்டு, கவிச்சி சமைத்த பாத்திரங்களையெல்லாம் சாக்கில் கட்டி, பின்பக்கத்துக் கொட்டகையில் கொண்டுபோய் வைப்போம். என் சாற்றுச் சட்டிக்கும் மலைக்குப் போய்த் திரும்பும்வரை அந்தக் கொட்டகைதான். அவர் பாயில்தான் படுப்பார், பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பார். கோபம் கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. நான் அவரை 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். மாலை போட்டவர்கள் பெண்களைக் கூப்பிடுகிறபடி அவர் என்னை 'மாளிகைப்புறம்' என்று கூப்பிடுவார். மற்ற மாதமெல்லாம் "ஏட்டி, அந்தத் துண்ட எடு" என்று அதட்டுகிற மனிதர், "மாளிகைப்புறம், செத்தத் தண்ணி தாங்க" என்று பணிவாகக் கேட்பதைக் காதால் கேட்பதற்காகவே நான் கார்த்திகைக்காகக் காத்திருப்பேன். முதல் வருஷம் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினேன்.

நான் சொல்ல வந்தது அவருடைய பதினெட்டாவது மலையைப் பற்றி. பதினெட்டாவது வருஷம் போகிறவர்கள் இருமுடியோடு ஒரு தென்னங்கன்றையும் சுமந்துகொண்டு போய் அங்கே வைத்துவிட்டு வருவார்கள். அதோடு அவர்கள் குருசாமி. அந்தப் பட்டாளத்து நண்பரும் என் கணவரும் ஒரே நாளில் முதல் மாலை போட்டவர்கள். நண்பர் சுந்தரபாண்டியத்தில் வயலும் வீடுமாக இருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கன்று சுமப்பது என்று எத்தனையோ வருஷமாகப் பேச்சு. எங்கள் வீட்டுப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் வாளியில் அந்தக் கன்று வளர்ந்தது. பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் அப்படித் தண்ணீர் காட்டிப் பார்த்ததில்லை. இலை ஒன்று பழுத்தால் அன்றைக்கு எனக்குத்தான் திட்டு.

அந்தக் கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்தது. மழைக்குப் பின்னால் காய்ச்சலும் வந்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள், எங்கள் வீட்டில் சாமி படுத்தார். டாக்டரிடம் போனோம். ரத்தம் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, இப்போது பரவுகிற காய்ச்சல்தான், மாத்திரை சாப்பிட்டு நல்ல சத்தான ஆகாரமாகக் கொடுங்கள் என்றார்கள். மாத்திரைக்குக் காய்ச்சல் இறங்கியது. மனிதர்தான் எழுந்திருக்கவில்லை. வாய் கசந்துபோய்விட்டது. கஞ்சி வைத்தால் இரண்டு மடக்கு. இட்லி வைத்தால் ஒரு விள்ளல். ரசம், பால், ஆரஞ்சுச் சாறு, எதைக் கொண்டுபோனாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். குளியலறைக்குப் போவதென்றால் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான். மலைக்குக் கிளம்புகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், மாலையைக் கழற்றிவிட்டு ஒரு கோழியை அடித்துச் சாறு வைத்துக் கொடு என்று. யாரிடம் சொல்கிறார்கள் பாருங்கள். அந்த வீட்டிலேயே கை துறுதுறுத்துக்கொண்டிருந்தவள் நான்தான். ஒரே ஒரு சட்டிச் சாறு, இரண்டே தம்ளர், மனிதர் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் மாலை கழுத்தில் கிடக்கிறது. அதைக் கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதைச் சொன்னவர் நண்பர்தான். ஒருநாள் சாயங்காலம் சுந்தரபாண்டியத்திலிருந்து வந்தவர், பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்.

"ஒடம்பு தேறலன்னா மாலையக் கழட்டிருங்க சாமி. ஐயப்பன் ஒண்ணும் நெனைக்கமாட்டான். நானும் கழட்டிருதேன். அடுத்த வருசம் ரெண்டு பேரும் சேந்தே கன்னு சொமப்போம்."

என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நண்பர் போன பிறகு போர்வையைச் சரிசெய்யப் போனேன். தலையணை நனைந்திருந்தது. தான் போகாததுகூடப் பெரிதில்லை, தன்னால் நண்பருடைய மலையும் போகிறதே என்பதுதான் அவரை அரித்தது. பட்டாளத்தில் எத்தனையோ கஷ்டம் பார்த்தவர், ஒருநாளும் என் முன்னால் கண் கலங்காதவர். அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் கான்சாபுரத்திலிருந்து என் தம்பி பைக்கில் வந்து இறங்கினான். ஹேண்டில்பாரில் காலைக் கட்டித் தொங்கவிட்ட கோழி. கன்னங்கரேலென்று, கொண்டை இப்போதுதான் முளைக்கிற வெடைக்கோழி. சாறு வைக்கவே பிறந்த கோழி. எனக்கு வந்த கோபத்தில் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். மாலை போட்ட வீட்டுக்குள் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டேன். அவன் ஒன்றும் கலங்கவில்லை.

"மச்சான் மாலையக் கழட்டிருவாகன்னு ஊரெல்லாம் பேசிக்கிடுதாகளே. கழட்டுன பொறவு கோழிக்கு அலையக் கூடாதுல்லக்கா."

திருப்பிக் கொண்டுபோ என்று சொல்லவும் வழியில்லை. நோயாளியைப் பார்க்கக் கொண்டுவந்த கோழியைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, நோயும் கூடவே போய்விடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் தம்பிக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் கோழியை வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய், முருங்கை மரத்தடியில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதற்குள் விட்டு, மேலே ஒரு கல்லை வைத்தோம். பிரம்புக் கூடைக்குள்ளிருந்து அது என்னைப் பார்த்து முனகியது. சாமியும் பாயில் கிடந்தபடியே ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கழுத்தில் கிடந்த மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானம் அடுக்களையில் நின்றுகொண்டு யோசித்தேன். வீட்டுக்குள் மண்டையை உடைக்கிற பிரச்சினை, வெளியே பஞ்சாரத்துக்குள் அதற்கு மருந்து, நடுவில் மாலை. அப்புறம்தான் தோன்றியது, இத்தனை வருஷமாகச் சாறு வைக்கிறேனே, இந்தச் சாற்றில் கோழி எம்புட்டு, நான் எம்புட்டு என்று. மிளகும் சீரகமும் மல்லியும் நான். சின்ன வெங்காயமும் பூண்டும் நான். அவரோடு மலைக்குப் போகிற குழுவில் யாருக்கும் வெங்காயம் பூண்டு விலக்கு இல்லை. அடுப்பைச் சிறிசாக வைத்துக் காத்திருக்கிறேனே, அந்தப் பொறுமையும் நான். கோழி கொடுப்பது கொழுப்பும் கனமும்தானே. அதற்கு வேறு ஆளைப் பிடித்தால் போகிறது.

கொள்ளுப் பயறைக் கருகாமல் வறுத்துக் குக்கரில் வேகவைத்தேன். அந்தத் தண்ணீருக்குக் கறித் தண்ணீரின் நிறம் அப்படியே வந்துவிடும். மரத்திலிருந்து முற்றின முருங்கைக்காயாக நான்கைந்து பறித்து, நறுக்கிப் போட்டுக் குழைய விட்டேன். நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். புதுச் சட்டியில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்குகிற வாசம் எழுந்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வறுத்து அரைத்ததைப் போட்டு ஒரு கொதி விட்டு, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு மூடினேன். பிறகு எல்லாவற்றையும் பிழிந்து வடிகட்டினேன். ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தேன். நானே திரும்பிப் பஞ்சாரத்தைப் பார்த்துக்கொண்டேன், கோழி இருக்கிறதா என்று.

வடிகட்டின சக்கையை என்ன செய்வது. வெந்த கொள்ளையும் முருங்கைச் சதையையும் வீணாக்க மனசில்லாமல், கல்லை இறக்கிப் பஞ்சாரத்தைத் தூக்கிக் கோழிக்கே போட்டேன். அது மூன்று நாள் பட்டினி கிடந்த மாதிரி கொத்தியது. அடுப்பில் தாளிப்பு காத்திருக்கிறதென்று அவசரமாக உள்ளே வந்துவிட்டேன்.

தம்ளரில் ஊற்றி ஆவி பறக்கக் கொண்டுபோனேன். என்ன என்று சொன்னால் வேண்டாமென்று திரும்பிக்கொள்வார், குடித்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சாமி அரைத் தூக்கத்தில் இருந்தார். தலையைத் தூக்கிப் பிடித்து, குடிங்க சாமி என்றேன். ஒரு மடக்குக் குடித்தார். நின்றார். இன்னொரு மடக்கு. பிறகு தம்ளரை என் கையிலிருந்து தன் கைக்கு வாங்கிக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். நெற்றியில் பொடிப்பொடியாக வேர்வை அரும்பியது. தம்ளர் காலியானதும் கண்ணைத் திறக்காமலே நீட்டினார்.

"இன்னொரு தம்ளர்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் ஊற்றிக்கொண்டு வந்தேன். அதில் பாதி குடித்திருப்பார். சரியாக அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், ஆனால் மூக்குக்குப் பாஷை கிடையாது.

"ஏம்மா, சாமி மாலைய எப்பக் கழட்டுனாரு? வாசம் தெருமுக்கு வரைக்கும் வருதே."

தம்ளர் அவர் வாயருகிலேயே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து தம்ளரைப் பார்த்தார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏட்டி, என்னத்தக் குடுத்த எனக்கு? கோழிய அறுத்துட்டியா?"

கார்த்திகை பிறந்து முதல்முறையாக 'ஏட்டி' வந்துவிட்டது. நான் கொள்ளு என்றேன், முருங்கைக்காய் என்றேன், சத்தியம் செய்தேன். எதிர்வீட்டு அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். நம்புவதற்கு யாரும் தயாராக இல்லை. சாற்றை அத்தனை நன்றாக வைத்தது என் குற்றமாகப் போய்விட்டது. சட்டியைக் காட்டலாமென்றால் வடிகட்டிப் பிழிந்து எல்லாவற்றையும் கோழிக்குப் போட்டாயிற்று. அப்புறம்தான் நினைவு வந்தது, கோழி இருக்கிறதே. அதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும். போய்ப் பாருங்கள் சாமி, பஞ்சாரத்துக்குள்ளே உயிரோடு இருக்கிறது என்றேன்.

அவர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். என் தோளைத் தேடவில்லை. விறுவிறுவென்று அடுக்களை வழியாகப் பின்பக்கம் போனார். நானும் எதிர்வீட்டு அக்காவும் பின்னாலேயே ஓடினோம்.

பஞ்சாரம் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. உள்ளே கோழி இல்லை. அவசரத்தில் கல்லைத் திருப்பி வைக்காமல் வந்திருக்கிறேன். கொள்ளுச் சக்கையில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை, சாட்சி தடயத்தையும் தின்றுவிட்டுப் போயிருந்தது. தரையில் இரண்டு கருப்பு இறகு கிடந்தது. முருங்கைக்காய் நறுக்கிக் கழுவின அரிவாள்மனை சுவரில் சாய்ந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் இறகைப் பார்த்தார். அரிவாள்மனையைப் பார்த்தார்.

துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"போச்சு. கழட்டிட்டுக் குடிச்சிருந்தாக்கூட அடுத்த வருசம் போயிருப்பேன். மாலையோட குடிக்க வச்சுட்டியே" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் இந்த மனிதருக்காகக் கார்த்திகை தவறாமல் பச்சைத் தண்ணீரில் முழுகியிருக்கிறேன். நானும் அவரோடு சேர்ந்து விரதம் இருந்திருக்கிறேன். பட்டாளத்தில் அவர் இருந்தபோது, அவர் பேருக்கும் சேர்த்து ஆண்டாள் கோயிலில் விளக்குப் போட்டிருக்கிறேன். நானா அவர் மாலையைக் கெடுப்பேன். சாமியென்றும் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

"என்னய நம்பலன்னாப் போங்க. அந்தக் கோழியப் பிடிச்சு ஒங்க கையில குடுக்காம நான் ஒரு வாய்த் தண்ணி குடிக்கமாட்டேன்."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் பார்த்தேன், சாக்குகளுக்குப் பின்னால் பார்த்தேன், சாக்கடை ஓரத்தில் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்துக்குள் போய்த் தெலுங்கில் கோழியைக் கூப்பிட்டார். அது கான்சாபுரத்துக் கோழி, அந்த பாஷை அதற்கு எங்கே தெரியும். பக்கத்து வீட்டு நாயின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ராஜபாளையம் நாய், வெள்ளை வெளேரென்று நின்றுகொண்டு, என்னை எதற்குப் பார்க்கிறாய் என்று கேட்கிற மாதிரி பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் எழுந்து தேட ஆரம்பித்தார். குனிந்து விறகுக்கு அடியில் பார்த்தார். மதிலைப் பிடித்து எட்டிப் பார்த்தார். சந்துமுனைவரை போய்த் திரும்பி வந்தார். கோழி கிடைத்தால் தன் மலை பிழைத்தது, கிடைக்காவிட்டால் போயிற்று. அவர் முகத்தில் அது அப்படியே எழுதியிருந்தது. என் பாட்டுக்கு நானும் என் மானத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இருட்டப் போகிறது, டார்ச் லைட் எடுத்து வரலாமென்று நான் வீட்டுக்குள் திரும்பியபோது, அவர் தென்னங்கன்று வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தோளில் எதுவோ விழுந்திருக்கிறது. தொட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாக அண்ணாந்து பார்த்தார்.

"ஏட்டி. மேல பாரு."

முருங்கைக் கிளையில், அவர் தலைக்கு நேர் மேலே, கருப்பாக ஒரு உருண்டை. வயிறு முட்டக் கொள்ளு தின்றுவிட்டு, கிராமத்துக் கோழி பொழுது சாய்ந்ததும் மரமேறுகிற பழக்கத்தில் ஏறி, கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதற்குக் கீழேதான் இத்தனை நேரம் ஆலாய்ப் பறந்திருக்கிறோம்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எதிர்வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டேன். எத்தனையோ நாளாய்ப் பாயை விட்டு எழுந்திருக்காத மனிதர், எந்தத் தோளையும் பிடிக்காமல், அவ்வளவு நேரம் நடந்து, குனிந்து, நிமிர்ந்து, இப்போது சொந்தக் காலில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார். கையை எடுத்து அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். வேர்த்துக் குளிர்ந்திருந்தது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, சொன்னால் மறுபடி படுத்துவிடுவாரோ என்று பயம்.

"மாளிகைப்புறம்" என்றார் அவர், நினைவு வந்தவராக. "அது மிச்சம் இருக்கா?"

அந்த மிச்சத்தையும் குடித்தார். மறுநாளும் அதையே கேட்டார். அதற்கடுத்த நாள் இட்லி தின்றார். வாரம் முடிவதற்குள் வாளிக்கு அவரே தண்ணீர் ஊற்றினார். இருமுடி கட்டுகிற அன்றைக்கு வந்த சாமிகளுக்கெல்லாம் அண்டா நிறைய அந்தச் சாறுதான். நண்பர் முதல் மடக்கிலேயே தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பயத்தோடு பார்த்தார். என் கணவர்தான், தைரியமாகக் குடிங்க சாமி, சந்தேகம் இருந்தால் போய் மரத்தைப் பாருங்கள் என்றார். இரண்டு பேரும் தலையில் இருமுடியும் கையில் கன்றுமாக வேன் ஏறினார்கள். தெருமுனை திரும்புகிறவரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றின மறுநாள், கொட்டகையிலிருந்து என் பழைய சட்டியை இறக்கினேன். மரத்தில் ஏறின கோழியைத் தொட எனக்கு மனசு வரவில்லை, அது என் பக்கம் சாட்சி சொன்ன கோழி. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையில் வேறு வெடைக்கோழி வாங்கி வந்து, ஒரு குறையும் இல்லாமல், வாட்டி, வதக்கி, பொறுமையாகக் காய்ச்சிச் சாறு வைத்தேன். இத்தனை நாள் கழித்துக் குடிக்கப் போகிறார், என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மடக்குக் குடித்தார். யோசித்தார். இன்னொரு மடக்கு. தம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு வச்ச மாதிரி இல்லட்டி."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவருக்குக் கோழிச்சாறு வைத்துக் கை தேய்ந்தவள் நான். கடைசியில் கோழியே இல்லாத சாற்றிடம் தோற்றுப்போனேன். அன்றைக்கு அதைக் குடித்துவிட்டு என்ன பேச்சுப் பேசினீர்கள் என்று பிடித்துக்கொண்டேன். இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"படி ஏறையில அதான் சொன்னேன்" என்றார். "வேற ஒண்ணும் கேக்கத் தோணல. ஒண்ணும் தப்பே செய்யாதவளச் சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சிருன்னு சொன்னேன்."

"சாமிகிட்டச் சொல்லி என்னத்துக்கு? சந்தேகப்பட்டது என்னயத்தானே."

அவர் என்னைப் பார்த்தார். பதினெட்டு மலை ஏறி இறங்கினவருக்கு அந்த ஒரு வார்த்தையை என் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் ஏற முடியாத ஏற்றமாக இருந்தது. தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், கீழே வைத்த தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

"இன்னொரு தம்ளர் ஊத்துட்டி."

அவ்வளவாகப் பிடிக்காத சாற்றில் கேட்ட இரண்டாவது தம்ளர் அது. நான் எழுந்து போய், வழிய வழிய ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன்.